துணிக் கிளிப்பும் முந்நூறு அழைப்பிதழும்

மேற்குத் தாம்பரம்,
21.6.2004

அன்புள்ள ஃபாயிசா அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், முடிச்சூர் சாலை அயூப் ஆப்செட் அச்சகத்தின் உள்ளே, இன்று காலை மணி பத்தேகாலுக்கு, அம்மாவின் துணிக்கொடி ஒன்று சுவருக்குச் சுவர் கட்டப்பட்டது. விழாவுக்கு அத்தா தலைமை தாங்கவில்லை. "என்னடா இது, பிரஸ்ஸா சலவைக் கடையா?" என்று வாழ்த்துரை மட்டும் வழங்கினார்.

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா, மச்சான் சுகமா? கம்பத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, அல்லது அதிலும் நாலு பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டாயா? இங்கே அத்தாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. கடையில் வேறெதுவும் ஏறவில்லை. உங்கள் வீட்டு ஃபோன் உன் மாமியாரின் மடிக்கு அரை அடி தூரத்தில் இருப்பதாக நீ சொன்னதால், இனி எல்லாம் கடிதத்தில்.

நீ கல்யாணமாகிப் போன ஐந்தாவது வாரமே கடை கவிழ்ந்தது. கம்ப்யூட்டரில் ஏசுபாதம் அண்ணன் ஃபைல்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள்: ஃபைனல், ஃபைனல் ஓகே, ஃபைனல் ஓகே கடைசி, கடைசிக்கும் கடைசி. போன வாரம் சர்ச் கூட்டத்துக்கு அடித்த நோட்டீஸ் போன வருஷத் தேதியோடு போய்விட்டது. ஆயிரமும் திரும்பி வந்தது. நான் உடனே எழுந்து, "அக்கா பிழை பார்த்த நாற்காலியை எனக்குக் கொடுங்கள்" என்றேன். அத்தா என் பிளஸ் டூ மார்க்கை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

பிறகு நிபந்தனை சொன்னார். மூன்று மாதம். ஒரு ரீபிரிண்ட்கூட இருக்கக் கூடாது. இருந்தால், பெரியமேட்டில் மாமாவின் தோல் கிடங்கு. அந்தக் கிடங்கை நினைத்தாலே என் மூக்கு லீவு எழுதிக் கொடுக்கிறது.

ஆகவே கொடி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கவர். சிவப்புக் கிளிப் என்றால் இப்போதுதான் வந்தது, யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் என்றால் நான் பார்த்துவிட்டேன், பார்ட்டி படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பச்சை விழுந்தால்தான் துரை அண்ணன் மெஷினில் ஏற்றுவார். எப்படி? கைதட்டல் கம்பத்திலிருந்து இங்கே கேட்க வேண்டும்.

மச்சானுக்கு என் ஸலாம்.

கொடி காத்த
மொஹ்சின்

---

கம்பம்,
29.6.2004

அன்புத் தம்பி மொஹ்சினுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். உன் மச்சான் நலம். மாமியார் நலமோ நலம், ஃபோனும் அப்படியே. அத்தாவைக் காலையில் வேளச்சேரி சாலை வரைக்குமாவது நடக்கச் சொல். டீயில் சர்க்கரை போடுவது துரை அண்ணன்தான் என்று எனக்குத் தெரியும்.

கைதட்டினேன். மாமியார், "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

கொடி நல்ல யோசனை. ஆனால் கிளிப்பை மாற்றுகிற கை யாருடையது என்பதுதான் விஷயம். நீ ஒருவன்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று. பார்ட்டி விவரம் முழுசாகத் தராமல் போனால் அந்தக் காலி இடத்தில் நீ விளையாட்டாக எதையாவது அடித்து வைப்பாய். இல்லை என்று சொல்லாதே, என் கல்யாணப் பத்திரிகையின் முதல் புரூஃபில் மணமகளின் தகுதி என்ற இடத்தில் 'வாய்' என்று இருந்தது. காலி இடத்தில் 'விவரம் வரவில்லை' என்று மட்டும் அடி. சிரிப்பு வராது. ரீபிரிண்டும் வராது.

இங்கே படிக்க ஒன்றும் இல்லை. திராட்சைப் பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிளைத்தான் படிக்கிறேன். உன் கடிதம் ஒருபக்கம் வீணான தாளில் எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. பின்பக்கத்து ஹார்டுவேர் கடை பில் புத்தகத்தையும் இரண்டு முறை படித்தேன்.

அம்மாவுக்கு முத்தம்.

அக்கா
ஃபாயிசா

---

மேற்குத் தாம்பரம்,
14.7.2004

அன்பும் அறிவும் மிக்க அக்காவுக்கு (அன்பு உன்னிடம், அறிவு அனுப்புநரிடம்),

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் முழங்கால் வலி இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றலாகி இருக்கிறது. அத்தா நடக்கிறார், டீக்கடை வரை. உனக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். திராட்சை தின்னாதே. அல்லது எனக்கு அனுப்பு.

இன்றுவரை நான் கண்டுபிடித்த பிழைகள் பதினொன்று. ரீபிரிண்ட் பூஜ்யம். ஊரப்பாக்கத்திலிருந்துகூட ஆட்கள் கொடியைப் பார்க்க வருகிறார்கள் (ஒருவர் வந்தார், விலாசம் கேட்க).

என் முறையைச் சொல்கிறேன். கண்ணால் படித்தால் கண் ஏமாற்றும். நான் வாயால் படிக்கிறேன், ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல. பக்கத்தில் தனம் அக்கா பத்திரிகை மடித்துக்கொண்டிருப்பார். படிக்கத் தெரியாத மனுஷி, பாவம், எனக்குக் கிடைத்த ஒரே நேயர். போன வாரம் ஒரு நிக்காஹ் பத்திரிகையைக் கணீரென்று வாசித்தேன். நிக்காஹ் காலை பதினோரு மணி, விருந்து காலை பத்து மணி முதல். தனம் அக்கா நடுவில் புகுந்து, "இன்னாடா இது, கண்ணாலம் ஆவறதுக்கு முன்னாடியே சோறு போட்றாங்க. அப்பாலிக்கா மாப்ள வரலன்னா துன்ன சோத்த திருப்பிக் கேப்பாங்களா?" என்று ஏதோ கேட்டார். அந்த நேரம் பார்த்து நான் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தேன்.

சிட்லபாக்கம் ஸ்ரீநிவாசராகவன் சாரைத் தெரியுமல்லவா, குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், ரிட்டயர்டு? ஏரி சுத்தம் செய்யும் நோட்டீஸைக் கையில் ஸ்கேலோடு உட்கார்ந்து படித்தார். ஒரு பிழை அவர் காட்டினார். "சபாஷ் சார், நீங்கள் பார்க்கிறீர்களா என்று சோதிக்கத்தான் விட்டு வைத்தேன்" என்றேன். நம்பிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

அம்மாவின் ஒரே குறை, மழை வந்தால் மாடியில் துணிக்குக் கிளிப் இல்லை.

துஆவுடன்,
பதினொன்று பிடித்த
மொஹ்சின்

---

கம்பம்,
23.7.2004

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். இருமல் போய்விட்டது. திராட்சை ஒரு பெட்டி, மச்சானின் சிநேகிதர் கோயம்பேடு வருகிறார், அவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். தனம் அக்காவுக்கும் பங்கு கொடு. அவர் கேட்டது நல்ல கேள்வி.

வேறொன்றுமில்லை. மாமியார் மதியம் தூங்கும்போது ஃபோனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அந்த நாற்காலியில் சாய்மானம் இல்லை.

ஃபாயிசா

---

மேற்குத் தாம்பரம்,
9.8.2004

(அட்டை 1)
அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா? மச்சான் சுகமா? மாமியார் சுகமா? மாமனார், கொழுந்தனார், திராட்சைத் தோட்டம் எல்லாம் சுகமா? திராட்சை கிடைத்தது. இனித்தது.

(அட்டை 2)
தாள் தீர்ந்துவிட்டது, அதனால் அட்டையில் எழுதுகிறேன். அட்டை கெட்டியாக இருப்பதால் மறுபக்கம் பார்க்க வேண்டிய அவசியம் கிடையாது.

(அட்டை 3)
ஊரில் மழை. தாம்பரம் சப்வேயில் முழங்கால் தண்ணீர். அம்மாவின் முழங்கால் நலம்.

(அட்டை 4)
வெள்ளிக்கிழமை எனக்கு வயிற்றுவலி. அத்தா மட்டும் ஜும்ஆவுக்குப் போனார். நானும் துரை அண்ணனும் கடையில் இருந்தோம். சும்மாதான் இருந்தோம்.

(அட்டை 5)
ரீபிரிண்ட் பூஜ்யம். கேட்பாய் என்று நானே சொல்லிவிட்டேன். பிழைகள் பதினைந்து பிடித்திருக்கிறேன்.

(அட்டை 6)
பொது அறிவுக்காக ஒரு சந்தேகம். பார்ட்டி கைக்குப் போவதற்கு முன்னாலேயே திருப்பி அடித்துவிட்டால் அதற்கு ரீபிரிண்ட் என்று பெயரா, இல்லை பிரிண்ட் என்று பெயரா? அவசரமில்லை. நாளைக்குள் சொன்னால் போதும்.

மொஹ்சின்

---

கம்பம்,
16.8.2004

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் அனைவரும், தோட்டம் உட்பட, சுகம்.

கூடுவாஞ்சேரி ஜீவானந்தம் அவர்களின் புதுமனை புகுவிழாவுக்கு எனக்கு ஆறு அழைப்பிதழ்கள் வந்து சேர்ந்தன. அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியாது, இருந்தாலும் இத்தனை வற்புறுத்தல் மனதைத் தொட்டது. போகலாம் என்று வழியைப் பார்த்தேன். ஆறிலும் ஒன்றுபோல் அச்சாகியிருக்கிறது:

'வழி: கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் இறங்கி, வந்தவரை போதும் என்று அடுத்த வண்டியில் வீடு திரும்பவும். பரிசுப் பொருளை மட்டும் ஸ்டேஷனில் கொடுத்துவிடவும்.'

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார். இந்த மூன்று மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காக உனக்கு நன்றி.

இப்போது மற்றது. எத்தனை அடித்தாய்? அத்தாவுக்குத் தெரியுமா? அதற்குப் பெயர் ரீபிரிண்ட்தான்.

ஃபாயிசா

---

மேற்குத் தாம்பரம்,
21.8.2004

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் நலம், என்னைத் தவிர. (இந்தத் தாளின் பின்பக்கம் வெறுமை. தேடாதே.)

முந்நூறு. அத்தாவுக்குத் தெரியாது.

நடந்தது இது. ஆவணி முகூர்த்தத்துக்கு அவசரம் என்று ஜீவானந்தம் சார் வந்தார். வீட்டுக்கு வழி எப்படி என்று கேட்டால், "மச்சினன் வந்து சொல்வான், நீ மீதியை அடிச்சு வை தம்பி" என்றார். காலி இடம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. அடித்து வைத்தேன். நாலாம் தேதி வந்தவர், பைக்கை நிறுத்தாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒரு வரி படிக்கவில்லை.

அதற்குமேல் குற்றம் அம்மாவுடையது. அன்றைக்கு மழை. அம்மா கடைக்குள் வந்து கொடியிலிருந்து கிளிப்பெல்லாம் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். திரும்பி வந்து கைக்கு வந்த நிறத்தை மாட்டிவிட்டார். ஜீவானந்தம் சார் கவருக்குப் பச்சை. துரை அண்ணன் பச்சையைப் பார்த்தார், ஏற்றினார். "நான் கலரத்தான் தம்பி பாப்பேன், கதைய படிக்க மாட்டேன்" என்கிறார்.

மறுநாள் நானே கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை அத்தா பள்ளிவாசலில் இருந்த ஒன்றேகால் மணி நேரத்தில் அந்த மச்சினனிடம் கேட்டு வாங்கிய சரியான வழியோடு அடித்து முடித்துவிட்டோம். ஜீவானந்தம் சாருக்குப் போனது சுத்தமான அழைப்பிதழ். ஆகவே உலகத்தின் கண்ணுக்குப் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறது.

அத்தாவிடம் சொல்லாதே அக்கா. பெரியமேடு. தோல். யோசி. வேண்டுமானால் உன் மாமியாரிடம் படித்துக் காட்ட மாதத்துக்கு ஒன்று எழுதி அனுப்புகிறேன்.

உன் காலடியில்,
மொஹ்சின்

---

கம்பம்,
30.8.2004

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

நான் அத்தாவிடம் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ.

ஆனால் உன் கதையில் ஓர் ஓட்டை. பச்சை போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வாயால் வாசிக்கிறவன் நீ. கிளிப் நிறம் மாறினால் என்ன, அந்தக் கவரை நீ வாசித்திருப்பாயே. சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு அது எப்படி வந்தது?

ஒரே ஒரு கேள்வி. நாலாம் தேதி உன் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தது யார்?

ஃபாயிசா

---

மேற்குத் தாம்பரம்,
8.9.2004

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. தைலத்துக்கு அம்மா துஆ செய்கிறார். கொடிக்குத் தனியாகக் கிளிப் வாங்கிவிட்டேன். பிழைகள் பதினெட்டு! ஸ்ரீநிவாசராகவன் சார் சங்கத்தின் ஆண்டு அறிக்கையையே நம்மிடம் கொடுத்துவிட்டார், நூற்றி இருபது பக்கம்.

இருபத்தி நாலாம் தேதி ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோரையும் உட்கார வைத்து அறிவிக்கப் போகிறாராம் அத்தா. நாற்காலி எனக்கே. இந்த ஒருவன் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான் என்று நாம் அச்சுக்கு ஃபிலிம் எடுக்கிற கடையில்கூடச் சொல்லியிருக்கிறார். அதனால் சில மாற்றங்களும் செய்யப் போகிறார். "தனம் இவன் பக்கத்துல உக்காந்து கதை கேட்டுக்கிட்டே மடிக்கிறா, வேல நகர மாட்டேங்குது, அடுத்த மாசத்துலேருந்து அர நாள் வந்தா போதும்" என்று நேற்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவர் பாடு.

இங்கே வெயில் நன்றாக இருக்கிறது.

மொஹ்சின்

---

(அஞ்சலட்டை)

கம்பம், 13.9.2004

மொஹ்சினுக்கு, ஸலாம். நலம். தபால்காரர், அம்மா, துரை அண்ணன் எல்லோரும் படிக்க வசதியாக அட்டையில் எழுதுகிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. அடுத்த அட்டையில் கேள்வியையும் எழுதுவேன், கொட்டை எழுத்தில். - ஃபாயிசா

---

பெரியமேடு, சென்னை,
4.10.2004

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குப் பதவி உயர்வு. மாநகரத்தின் நட்டநடுவில், மூன்று மாடிக் கட்டடத்தில், தனி மேசை. வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு லாரி நகர முடியாது. தாம்பரத்திலிருந்து தினம் மின்சார ரயிலில் வந்து போகிறேன். திரும்பும்போது நெரிசலான பெட்டியில்கூட என் பக்கத்தில் மட்டும் இரண்டு பேர் உட்காருமளவு இடம் மரியாதையாக விடப்படுகிறது.

சரி. ஆமாம். தோல் கிடங்குதான்.

உன் அட்டையைத் தபால்காரர் அம்மா கையில் கொடுத்தார். "என்னடா கேள்வி?" என்றார் அம்மா. "பொது அறிவு" என்றேன். இருபத்தி நாலாம் தேதி வரை சமாளித்தேன்.

அன்று அத்தா எல்லோரையும் உட்கார வைத்தார். சாப்பாடெல்லாம் வரவழைத்திருந்தார். "மூணு மாசம், ஒரு ரீபிரிண்ட் கெடையாது. இவ்வளவு நாளா இவன நான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார். அக்கா, அத்தா என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது பிறந்ததிலிருந்து முதல் தடவை. கொஞ்ச நேரம் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. அப்புறம் தனம் அக்காவிடம் திரும்பி, "ஒண்ணாந்தேதிலேருந்து மத்தியானத்தோட நீ கெளம்பிக்கலாம்" என்றார்.

மாவட்ட ஆட்சியர் வந்தாலும் எதிர்க் கேள்வி கேட்கிற தனம் அக்கா, "சரி சார்" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மடிக்கிறதை நிறுத்தவும் இல்லை.

பெரிய பேச்சு பேசலாம் என்று எழுந்தேன். வாயிலிருந்து, "அத்தா, முந்நூறு" என்பது மட்டும் வந்தது.

"என்னடா முந்நூறு?"

துரை அண்ணன், "டீ சொல்லிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கேள்விக்கு அத்தாவிடம் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன். நாலாம் தேதி யாரும் மடிக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று தனம் அக்கா லீவு. நேயர் இல்லாத நிலையத்தில் எதற்கு வாசிப்பது என்று நான் வாசிக்கவே இல்லை. அன்றைக்கு வந்த எல்லாக் கவருக்கும் மஞ்சளை மாட்டினேன். ஜீவானந்தம் சார் கையெழுத்துப் போட்டதும் பச்சையை மாட்டியதும் நானே. அம்மா மழைக்குக் கிளிப் எடுத்தது உண்மை, ஆனால் அது வேறு நாள். அம்மா காலில் விழுந்து தைலம் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் நானே கண்டுபிடித்தேன் என்று எழுதினேனே, அதுவும் இல்லை. அடித்து வந்த கட்டைப் பார்த்து, பெருமையாக ஒன்றை எடுத்துத் தனம் அக்காவுக்கு வாசித்தேன். "இன்னாடா கண்ணு, பத்திரிக்க வச்சிட்டு வராதன்னு எய்திக்கீறாங்க? சண்டக்கார குடும்பமா?" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் போனது.

அத்தா ஒன்றும் திட்டவில்லை. கொடியிலிருந்து ஒரு கவரை எடுத்து ஏசுபாதம் அண்ணனிடம் கொடுத்து, வாசிக்கச் சொன்னார். காதணி விழா. நான் கண்ணால் மட்டும் பார்த்துப் பச்சை மாட்டியது. மூன்றாவது வரியிலேயே தனம் அக்கா, "சார், செப்டம்பர் அஞ்சுன்னு கீது. இன்னிக்கே இருவத்தி நாலு. குத்துன காதையே மறுக்கா குத்தப் போறாங்களா?" என்றார். அத்தா உன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "தனம், இதுல உக்காரு" என்றார்.

"அப்ப மடிக்கிறது யாரு சார்?"

அத்தா என்னைப் பார்த்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன். "அதுக்கு வேற ஆள் பாத்துக்கலாம். இவன் பெரியமேட்டுக்குப் போறான்" என்றார். பெருநாளுக்கு அப்புறம் யோசிக்கலாமாம்.

இப்போது தனம் அக்கா நாற்காலியில். ஏசுபாதம் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு வாசிக்கிறார். அவர் குரலில் தூக்கம் வருகிறது என்று தனம் அக்கா தினம் புகார் செய்கிறாராம். முழு நாள்தான் வருகிறார்.

ஆக, கணக்கை நேராக்கிவிடுகிறேன். மூன்று மாதத்தில் நான் பிடித்ததாக உனக்கு எழுதிய பிழைகள் பதினெட்டு. அதில் பதினேழு தனம் அக்கா பிடித்தது. மிச்சம் ஒன்றாவது உன் தம்பி பிடித்திருப்பான் என்று நீ ஆசையாகப் பார்ப்பாய்.

அது ஸ்ரீநிவாசராகவன் சார்.

மாமியாருக்கு ஸலாம் சொல். கடிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படி.

மொஹ்சின்